கதவுக்கு வெளியே கேட்ட பேஸ் கிடார்

சென்னையில் ஒரு ராக் பேண்டை கிளப்பில் நின்று பார்ப்பதன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், கிடாரையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு 1937 அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் போக வேண்டியிருக்கிறது. ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த நாள் அது. 1948-க்குள் மெட்ராஸ் மாகாணம் முழுக்க அது பரவியது. பிறகு நடந்ததெல்லாம் தெரிந்த கதை. 1971-ல் கருணாநிதி கடையைத் திறந்தார், 1974-ல் மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனை திறப்பு மூடலுக்கு நடுவிலும் அந்த 1937-ஆம் வருஷத்துச் சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பார் லைசென்ஸ் தரப்படுவது அந்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகளின்படிதான். ஒரு தெருவுக்கு ஒரு டாஸ்மாக் இருக்கிற ஊரில், சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை குடி இன்னும் ஒரு விதிவிலக்கு.

ராக் இசைக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்கலாம். அந்த விதிகள் பாருக்கான லைசென்ஸைக் கொடுப்பது முக்கியமாக இரண்டு இடங்களுக்கு: நட்சத்திர ஹோட்டல்கள், உறுப்பினர் கிளப்புகள். பெங்களூரில் ஒருத்தர் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பத்து மேஜை போட்டு, மூலையில் சின்னதாக மேடை கட்டி, பீர் விற்ற காசில் பேண்டுக்குச் சம்பளம் கொடுக்க முடியும். சென்னையில் அந்த அறை ஒரு ஸ்டார் ஹோட்டலுக்குள்தான் இருக்க முடியும். அப்படியென்றால் அதற்கு முன்னால் ஒரு கேட், ஒரு மெட்டல் டிடெக்டர், ஒரு பளிங்கு லாபி, ஒரு கவர் சார்ஜ். நம்ம ஊர் இண்டி ராக்கின் ஒலியை எந்தெந்த வெளிநாட்டு பேண்டுகள் உருவாக்கின என்று நிறைய பேர் பேசியிருக்கிறார்கள். அந்த ஒலி யார் காதில் விழும் என்பதை உருவாக்கியது இந்த லைசென்ஸ் விதி.

நான் இருப்பது குமணன்சாவடியில். பெயரைச் சொன்னதும் புறநானூற்றுக் குமணன் ஞாபகம் வரும். வறுமையில் வந்த புலவருக்குக் கொடுக்க வேறெதுவும் இல்லாதபோது தன் தலையையே தரத் துணிந்த வள்ளல். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். எங்கள் ரோட்டில் அது வரிசையாக வரும்: வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. நகரத்துக்குப் போகிறவனும் நகரத்திலிருந்து வருகிறவனும் மூச்சு வாங்கிய இடங்கள். கலைஞனுக்குத் தலை கொடுத்தவன் பெயரும், யார் வந்தாலும் படுக்க இடம் கொடுக்கும் சாவடியும் சேர்ந்த ஊரிலிருந்து ஒரு பேண்டைப் பார்க்க வேண்டும் என்றால், சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி நுங்கம்பாக்கத்துக்கோ ஆழ்வார்பேட்டைக்கோ அடையாறுக்கோ போயாக வேண்டும்.

*

‘கிளப்’ என்ற சொல்லுக்கே மெட்ராஸில் ஒரு பழைய வாசனை உண்டு. மெட்ராஸ் கிளப் தொடங்கியது 1832-ல். சுதந்திரம் வந்து பல வருஷம் ஆகியும் அங்கே இந்தியர் உறுப்பினராக முடியாது. நம்ம ஊரில் கிளப் என்ற சொல் முதலில் குறித்தது யாரை உள்ளே விடமாட்டோம் என்பதைத்தான். இது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். சட்டசபை வரை போனது விவகாரம். அடுத்த மாதமே வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டிக்குச் சட்டம் வந்துவிட்டது. ரப்பர் செருப்புக்கு இன்னும் வரவில்லை.

உலகத்தில் ராக் கிளப் என்று சொன்னால் முதலில் வரும் பெயர் லிவர்பூலின் கேவர்ன். 1957 ஜனவரியில் ஜாஸ் கிளப்பாகத் திறந்தது. மேத்யூ தெருவில் ஒரு கிடங்கின் நிலவறை. காற்று வராது, சுவரில் வியர்வை வழியும். 1961-லிருந்து 1963 வரை பீட்டில்ஸ் அங்கே முந்நூறு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக வாசித்தார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்தக் காலத்தில் கேவர்னில் சாராயம் கிடையாது. சூப், சாண்ட்விச், கோக். இன்னொன்று, நிறையக் கச்சேரிகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தன. பக்கத்து ஆபீஸ்களில் டைப் அடிக்கும் பெண்களும் கிளார்க் வேலை பார்க்கும் பையன்களும் லஞ்ச் பிரேக்கில் இறங்கி வந்து ஆடிவிட்டு மறுபடி டேபிளுக்குப் போனார்கள். பீட்டில்ஸின் மேனேஜரான பிரையன் எப்ஸ்டைன் அவர்களை முதன்முதலில் பார்த்ததும் 1961 நவம்பர் 9 அன்று அப்படியொரு மதியக் கச்சேரியில்தான். பக்கத்தில் இருந்த தன் ரெக்கார்டு கடையிலிருந்து நடந்தே வந்தார்.

ஆக, மதுவிலக்கு மட்டும்தான் சென்னை ராக்கைக் கொன்றது என்று சொல்ல முடியாது. குடி இல்லாமலே ஒரு கிளப் உலகத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டவை மூன்று. பாக்கெட் மணியில் அடங்கும் டிக்கெட். வேலை பார்க்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரம். அதே பேண்ட் அதே அறையில் வாரா வாரம் வாசிப்பது. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். நாற்பதாவது தடவை கேட்கும்போதுதான் ஒரு புதுப் பாட்டு ‘நம்ம பாட்டு’ ஆகிறது. சென்னையில் பாரை ஹோட்டலுக்குள் வைத்த சட்டம் இந்த மூன்றையும் சேர்த்தே எடுத்துவிட்டது. மதுவைத் தடுக்கப் போட்ட வேலியில் மாட்டிக்கொண்டது அறை.

*

சென்னைக்கு லைவ் இசைப் பழக்கம் இல்லை என்று பெங்களூர், மும்பை நண்பர்கள் சொல்வார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இன்ஸ்டிட்யூட் ஹாலில் பேண்ட் வைத்து ஆடிய காலத்தில், அவர்களின் பாட்டன் பூட்டன்களிடமிருந்து வந்த கிடாரும் டிரம்ஸும் டிரம்பெட்டும் கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களுக்குள் போய்த் தமிழ் சினிமாப் பாட்டாகக் கலந்துகொண்டிருந்தன. இன்னொரு பக்கம் மெல்லிசைக் குழுக்கள். இளையராஜா பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போனார். ஏ.வி.ரமணனின் மியூசியானோ, யு.கே.முரளியின் உதயராகம், லக்ஷ்மன் ஸ்ருதி என்று பெயர்ப் பட்டியல் நீளும். எங்கள் பக்கத்தில் ஆடி மாசம் கூழ் ஊற்றினால் ராத்திரி அம்மன் கோயில் வாசலில் மேடை இருக்கும். டிரம் கிட் என்ற பொருளை நான் முதன்முதலில் மூன்றடி தூரத்தில் பார்த்தது அங்கேதான். கால் பெடல் அடிக்கும்போது நெஞ்சுக்கூடு குலுங்கும் என்பது தெரிந்ததும் அங்கேதான்.

ஆனால் அந்த மேடையில் கிடாரிஸ்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு, ‘ஒரிஜினல் மாதிரியே இருக்குப்பா’. கேசட்டில் இருந்ததை அச்சு அசலாக இறக்கி வைப்பதுதான் வித்தை. நியூயார்க்கில் 1973 டிசம்பரில் திறந்த சிபிஜிபி கிளப்பின் முதலாளி இதற்கு நேர் எதிரான ஒரு கண்டிஷன் போட்டார்: சொந்தப் பாட்டு வாசிப்பதாக இருந்தால் மட்டும் மேடை. அங்கிருந்துதான் ரமோன்ஸும் டாக்கிங் ஹெட்ஸும் வந்தார்கள். ஒரிஜினல் என்ற அதே சொல்தான், இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம்.

சென்னையில் சொந்தப் பாட்டு போடும் ஆசையோடு பேண்ட் ஆரம்பித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஏ.ஆர்.ரஹ்மான் சிவமணியோடும் ஜான் ஆண்டனியோடும் ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் கீபோர்டு வாசித்தார். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் பேண்டைத் தொடங்கினார். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. மீதிக் கதை உலகத்துக்கே தெரியும். இதைச் சினிமா திறமையைத் திருடிய கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாடகை கட்ட வேண்டிய இசைக்கலைஞனுக்கு இந்த ஊரில் கதவைத் திறந்து வைத்திருந்த அறை ரெக்கார்டிங் தியேட்டர் ஒன்றுதான். அவன் அதற்குள் போனான்.

மிச்சம் இருந்தது கல்லூரி. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 1974-ல் ‘மார்டி கிரா’ என்று ஒரு விழாவைத் தொடங்கியது. 1996-ல் அது ‘சாரங்’ ஆனது. அங்கே ராக் ஷோ என்பது ஒரு தலைமுறைக்கே தீபாவளி. ஸ்வீடனின் ஓபெத் 2009-ல் அந்த மேடைக்கு வந்தபோது, இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் கறுப்பு டி-ஷர்ட் பசங்கள் ரயிலேறி வந்தார்கள். நாங்கள் படித்த மாதிரியான புறநகர் இன்ஜினியரிங் காலேஜ்களில் இந்தக் கதை வேற லெவல். எங்கள் கல்ச்சுரல்ஸில் ஒரு பேண்ட் மேடையேறியபோது டிஸ்டார்ஷன் பெடலை அமுக்கியதும் ஒரு பேராசிரியர் ஓடிவந்து, “ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சு, ஆஃப் பண்ணுங்க” என்றார். பையன்கள் ‘இல்ல சார், அது அப்படித்தான்’ என்று விளக்கி முடிப்பதற்குள் பஸ் கிளம்புகிற நேரம் வந்துவிட்டது.

2000-களில் நிலைமை கொஞ்சம் இளகியது. அடையாறில் அன்வைண்ட் சென்டர் என்ற இடம் இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டே மேடையும் கொடுத்தது. அங்கிருந்து வளர்ந்த ‘ஜூன் ராக் அவுட்’ உள்ளூர் பேண்டுகளுக்கு ஒரு திருவிழாவானது. 2005-ல் ஜங்க்யார்ட் குரூவ், 2006-ல் ஸ்க்ராட், 2012-ல் தி எஃப்16ஸ். எல்லாரும் இந்த ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள், ஆங்கிலத்தில் எழுதிப் பாடினார்கள். எஃப்16ஸின் ‘ட்ரிகர்புங்க்டே’ ஆல்பம் 2016-ல் வந்தபோது, போரூர் சிக்னலில் நகராமல் நிற்கும் கம்பெனி பஸ்ஸில் நான் கேட்டது அதுதான். ஒரே ஆல்பத்தைப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. டிராஃபிக் ஜாஸ்தியானால் மூன்று தடவை.

*

அவர்களை நேரில் பார்க்க நானும் என் நண்பனும் முதல் தடவை கிளம்பியது ஒரு வார நாளில். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவன். கிடாரை என்னைவிட நன்றாக வாசிப்பான். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான், காலில் செருப்பு. ஹோட்டல் கேட்டிலிருந்த செக்யூரிட்டி அண்ணன் மரியாதையாகத்தான் சொன்னார்: “ஸ்டாக் என்ட்ரி இல்ல தம்பி, கப்பிள்ஸ் மட்டும்தான். அப்புறம் இந்தச் செருப்போட விடமாட்டாங்க.” பாட்டு கேட்கத்தான் வந்தோம் என்று சொல்லிப் பார்த்தோம். “எனக்குப் புரியுது தம்பி. என் கையில ஒண்ணுமில்ல.”

திரும்பிப் போக மனசில்லை. பார்க்கிங்கில், அந்த பாரின் பின்சுவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே பேண்ட் ஆரம்பித்துவிட்டது. பாட்டு கேட்கவில்லை, பேஸ் கிடார் மட்டும் கேட்டது. இதில் மாயமொன்றும் இல்லை. அதிர்வெண் குறையக் குறையச் சுவரால் ஒலியைத் தடுக்க முடிவது குறைகிறது. பேஸ் கிடாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிரும், அதன் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். குரல், கிடார், சிம்பல் எல்லாவற்றையும் செங்கல் வடிகட்டிவிட்டு அதை மட்டும் வெளியே விட்டது. நண்பன் சுவரில் கை வைத்து, “இது மூணாவது ட்ராக் மச்சான்” என்றான். சரியாகத்தான் சொன்னான்.

பிறகு வேறொரு நாள் உள்ளே போனேன். ஆபீஸ் ஷூ, ஆபீஸ் நண்பர்கள், கவர் சார்ஜ். எழுபது பேர் இருந்திருப்போம். ஹெட்போனில் ஒரே கட்டியாகக் கேட்ட பாட்டு அங்கே நான்கு மனிதர்களாகப் பிரிந்து நின்றது. ஒருத்தர் ஸ்ட்ரிங் ட்யூன் பண்ணுகிறார், ஒருத்தர் தண்ணீர் குடிக்கிறார், டிரம்மர் ஒன் டூ த்ரீ எண்ணுகிறார், சட்டென்று அது பஸ்ஸில் கேட்ட அதே பாட்டு. பாடகர் ஒரு வரியை ஆல்பத்தில் இருப்பதைவிட அரை விநாடி தள்ளிப் போட்டார். அந்த அரை விநாடிக்காகத்தான் மனுஷன் நேரில் போய்ப் பார்க்கிறான். முன்னால் நின்ற பத்துப் பேர் எல்லா வரியையும் பாடினார்கள். பின்னால் மேஜைகளில் ஆபீஸ் பார்ட்டி சத்தம், நடுவே ஒரு குரல் யாருக்கோ தெரிந்த ஒரு பழைய ஹிட்டைக் கேட்டது. பேண்ட் கேட்காத மாதிரி அடுத்த சொந்தப் பாட்டுக்குப் போனது. நள்ளிரவுக்கு முன்பே விளக்கைப் போட்டுவிட்டார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல ராத்திரிகளில் ஒன்று அது. குமணன்சாவடிக்கு வந்த கேப் காசு, உள்ளே போன காசைவிட அதிகம்.

*

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. மார்கழி சீசன் முடியப்போகிற நேரம். கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ஏற்பாடு. இசைக்குத் தலைமை தென்மா, அதற்கு முன் கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ பேண்டில் இருந்தவர். மேடையில் மொத்தம் 19 பேர், எல்லாரும் கோட்டு சூட்டில். பறை, சட்டி, டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிடார், கானா, ராப். அறிவு அங்கே ராப் பாடினார். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் இசைவாணி நடுமேடையில் நின்றார். 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பேண்டின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லாட்சியிலிருந்து பிறந்தது. நூற்றாண்டு தாண்டிய ஒரு சொல்லை ராக் பேண்டுக்குப் பெயராக வைக்கலாம் என்று யோசித்த ஊர் இது.

எனக்கு அதில் ஒரு தனிப்பட்ட சந்தோஷம், அந்த மைதானத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரே ரோடு. குமணன்சாவடியில் பூந்தமல்லி ஹை ரோட்டைப் பிடித்தால் வேலப்பன்சாவடி, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம். நண்பனும் நானும் பைக்கில் போனோம். மைதானம் முழுக்க ஜனம், ஆயிரக்கணக்கில். குடும்பம் குடும்பமாக, தோளில் குழந்தையோடு. கேட்டில் யாரும் யார் காலையும் பார்க்கவில்லை. டிஸ்டார்ஷனும் சட்டியும் ஒரே நேரத்தில் விழுந்தபோது, பக்கத்தில் நின்ற ஓர் அம்மா பேத்தியிடம், “நம்ம வீட்டுச் சாவு மேளம்டி இது” என்றார். சொன்ன குரலில் பெருமை இருந்தது.

அன்றைக்கு அந்த 19 பேர் சாதி பற்றிப் பாடினார்கள் என்பதுதான் பரவலாகப் பேசப்பட்டது. சரிதான். எனக்கு அதோடு இன்னொன்றும் பட்டது. எண்பது வருஷமாக இந்த நகரத்தில் மின்சாரக் கிடாருக்கும் திறந்த வாசலுக்கும் இடையே இருந்த தூரத்தை அவர்கள் ஒரே மாலையில் கடந்தார்கள். 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா கர்நாடக இசைக்கு மீனவர் குப்பத்தில் இடம் போட்டதும், 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, சபாக்களின் மாதத்தில் பறைக்கும் கானாவுக்கும் மேடை போட்டதும் இதே வரிசையில் வரும்.

ஆனால் மைதானம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். திருவிழாவில் ஒரு பேண்ட் கொண்டாடப்படும். அது வளர்வதற்கு வாரா வாரம் ஓர் அறை வேண்டும், கேவர்ன் மாதிரி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை சுமார் 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ வழித்தடம் போட்டு, அதில் குமணன்சாவடிக்கும் ஒரு ஸ்டேஷன் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் இனி சிட்டிக்குச் சீக்கிரம் போகலாம் என்கிறார்கள். ரயில் இரண்டு பக்கமும் ஓடும் என்பதை யாரும் சொல்வதில்லை. மெல்லிசைக் குழுவின் டிரம்மர்கள் இங்கே இருக்கிறார்கள், ஐ.டி. கம்பெனி கீபோர்டு பிளேயர்கள் இருக்கிறார்கள், சி.என்.சி. ஓட்டும் கிடாரிஸ்ட் இருக்கிறான். அறையும் இருக்கிறது. பூந்தமல்லி ரோட்டில் எத்தனை கல்யாண மண்டபம் என்று எண்ணிப் பாருங்கள். மேடை, ஜெனரேட்டர், பார்க்கிங், சாப்பாட்டு ஹால் எல்லாம் ரெடி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் பூட்டிக் கிடக்கும். லைசென்ஸ் கேட்க வேண்டாம், சரக்கே கிடையாது. சூப் போட்டால் போதும், லிவர்பூலில் அதுதான் போட்டார்கள்.

போன மாதம் அப்படியொரு மண்டபத்தின் மேனேஜரிடம் போய்க் கேட்டோம். சின்ன ஹால், இருநூறு பேர் உட்காரலாம், நின்றால் இன்னும் அதிகம்.

“என்ன ஃபங்ஷன் சார்?”

“பாட்டுக் கச்சேரிண்ணே. ஆடி மாசம், வாரத்துல ஒரு நாள்.”

“சினிமா பாட்டா?”

“இல்லண்ணே, பசங்க சொந்தமா எழுதுன பாட்டு.”

கொஞ்சம் யோசித்தார். “பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாது, போலீஸ் வந்துரும்.”

“ஒன்பதரைக்கு முடிச்சிடுறோம்.”

டைரியைப் புரட்டினார். பேனாவை எடுத்தார். “மூணாவது வெள்ளி மட்டும் வேணாம் சார். அன்னிக்குக் கோயில்ல கச்சேரி இருக்கு. உங்க பாட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. வியாழக்கிழமையில போட்டுக்கங்க.”

வியாழக்கிழமை என்று எழுதிக்கொண்டார்.